ஆறு புள்ளியில் ‘அம்மா’: பார்வையற்ற பிள்ளை தமிழ் எழுத என்னென்ன வேண்டும்?

செடெனாக் – செம்பனைக் குலை ஏற்றிய லோரியும், தரவு மையத்துக்கு இரும்புக் கம்பி ஏற்றிய லோரியும் இன்று செடெனாக்கில் ஒரே சாலையில்தான் போகின்றன. ஒரு காலத்தில் தோட்டத்தையும் எண்ணெய் ஆலையையும் வைத்து மட்டுமே பேசப்பட்ட இந்த வட்டாரம், இப்போது உலகத்தின் கடிதங்களையும் கணக்குகளையும் சேமித்து வைக்கும் இடமாக மாறி வருகிறது. அந்தப் பெரிய கட்டடங்களுக்குப் பக்கத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இதே வட்டாரத்தில் பார்வையில்லாமல் பிறந்த ஒரு பிள்ளை, தன் பெயரைத் தன் கையாலேயே தமிழில் எழுத வழி இருக்கிறதா?

இருக்கிறது. அதற்கு வேண்டிய பொருள்களில் சில வீட்டு அடுப்படியிலேயே கிடக்கின்றன. ஆனால் அந்த விவரம் பல குடும்பங்களுக்குப் போய்ச் சேருவதில்லை.

“எழுத்து எதுக்கு, அதான் கைப்பேசியே எல்லாத்தையும் படிச்சுச் சொல்லுதே” என்று சொல்லும் வழக்கம் இப்போது வந்துவிட்டது. திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் செயலிகள் பெரிய உதவிதான், அதை மறுக்க முடியாது. ஆனால் காதால் மட்டுமே தமிழ் கற்கும் பிள்ளைக்கு ‘வந்தான்’ என்ற சொல்லில் முதலில் வருவது ந், கடைசியில் வருவது ன் என்பது எப்படித் தெரியும்? இரண்டும் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். ‘அரம்’, ‘அறம்’ என்ற இரண்டையும் இன்று வேறுபடுத்தி உச்சரிப்பவர் எத்தனை பேர்? ‘பள்ளி’, ‘பல்லி’ என்பதும் பல வாய்களில் ஒன்றாகிவிட்டது. கேட்பது வேறு, படிப்பது வேறு. கண்ணுள்ள பிள்ளைக்கு வானொலி கேட்டால் போதும், புத்தகம் வேண்டாம் என்று எந்தப் பெற்றோரும் சொல்வதில்லை. பார்வையற்ற பிள்ளைக்கு மட்டும் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்?

247 எழுத்து, 32 குறி

பிரெய்ல் ஒரு மொழி அல்ல, எழுதும் முறை. பிரான்சில் 1809-ஆம் ஆண்டு பிறந்த லூயி பிரெய்ல், மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் இருந்த கூரிய ஊசி கண்ணில் குத்திப் பார்வையை இழந்தவர். இராணுவத்தினர் இருட்டில் தடவிப் படிப்பதற்காகப் பன்னிரண்டு புள்ளிகளில் அமைக்கப்பட்டிருந்த ஒரு முறையைக் கேள்விப்பட்டு, அதை ஆறு புள்ளிகளாகக் குறைத்தார். அப்போது அவருக்கு வயது 15. ஆறு புள்ளி என்றால் விரல் நுனிக்குள் ஒரே தொடுதலில் அடங்கிவிடும். அவர் பிறந்த நாளான ஜனவரி 4-தான் இன்று உலக பிரெய்ல் தினம்.

ஆறு புள்ளிகளும் ஒரு சிறிய அறைக்குள் இரண்டு வரிசையாக நிற்கும். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. எந்தெந்தப் புள்ளி மேடாக எழுந்திருக்கிறதோ அதை வைத்து எழுத்து மாறும். வெற்றறையை விட்டுவிட்டால் மொத்தம் 63 வடிவங்கள் கிடைக்கின்றன.

தமிழில் 247 எழுத்து இருக்கிறதே, 63 வடிவத்தில் எப்படி அடக்குவது என்று தோன்றலாம். இந்திய மொழிகளுக்கான பொது முறையாக 1951-இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்ல் இதற்கு எளிய வழியைக் கண்டது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, அதோடு மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளிக்கு ஒரு குறி. ஆக 32 குறிகள் போதும். உயிர்மெய் எழுத்து 216-க்கும் தனிக் குறி கிடையாது. ‘கொ’ எழுத வேண்டுமானால் க, அடுத்து ஒ. அவ்வளவுதான். அச்சில் ஒற்றைக் கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும் என்று பாலர் பள்ளிப் பிள்ளைகள் படும் பாடு இதில் இல்லை. எப்படிச் சொல்கிறோமோ அதே வரிசையில் எழுதினால் போதும். இந்த ஒரு விஷயத்தில் அச்சுத் தமிழைவிட பிரெய்ல் தமிழ் சுலபம்.

‘அம்மா’ என்ற சொல்லைப் பார்க்கலாம். அ என்பது புள்ளி 1 மட்டும். ம என்பது 1, 3, 4. ஆ என்பது 3, 4, 5. மெய்யின் தலைப்புள்ளிக்குப் புள்ளி 4. இதில் கவனிக்க வேண்டியது, தலைப்புள்ளி மெய்க்கு முன்னால் வரும் என்பது. எனவே அ, தலைப்புள்ளி, ம, ம, ஆ என்று ஐந்து அறைகளில் அம்மா வந்துவிடுகிறார். ‘பள்ளி’ என்றால் ப, தலைப்புள்ளி, ள, ள, இ. அதில் இரண்டு ள-வுக்குப் பதிலாக இரண்டு ல வைத்தால் அது சுவரில் ஓடும் பல்லி. ள என்பது 4, 5, 6. ல என்பது 1, 2, 3. ஒன்று முழுக்க வலப்பக்கம், மற்றது முழுக்க இடப்பக்கம். காது குழம்பும் இடத்தில் விரல் குழம்புவதில்லை.

பனையோலையில் எழுதிய நம் முன்னோர், ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்ட வழக்கம் உண்டு. சுவடி படிப்பவர்தான் எது மெய், எது உயிர்மெய் என்று ஊகித்துக்கொள்ள வேண்டும். பிரெய்லிலோ புள்ளியைத் தவிர வேறு எதுவும் இல்லை.

மலாய் பிரெய்ல் தெரிந்தால் பாதி தமிழ் தெரியும்

நம் நாட்டுப் பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இதுதான்.

பார்வையற்ற பிள்ளைகளுக்கான சிறப்புக் கல்விப் பள்ளிகள் தேசியப் பள்ளிகளாக இருப்பதால் அங்கே பாட மொழி மலாய். பிள்ளை முதலில் கைப்பழக்கம் பெறுவது மலாய் பிரெய்லில். “அப்படியானால் தமிழ் போய்விடுமே” என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் பாரதி பிரெய்லை அமைத்தவர்கள், ஒலி ஒத்துப்போகும் இடங்களில் ரோமன் எழுத்தின் வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள். அதனால் மலாய் பிரெய்லின் a, i, u, e, o ஆகிய ஐந்தும் தமிழில் முறையே அ, இ, உ, ஏ, ஓ. அதேபோல k என்பது க, c என்பது ச, t என்பது த, n என்பது ந, p என்பது ப, m என்பது ம, y என்பது ய, r என்பது ர, l என்பது ல, v என்பது வ. இதில் c–ச பொருத்தம் ஆங்கிலம் படித்தவரைவிட மலாய் படித்த பிள்ளைக்குத்தான் இயல்பாக வரும். ‘சாவான்’ என்று நாம் சொல்லும் கோப்பைக்கு மலாயில் முதல் எழுத்து c அல்லவா!

கணக்குப் பார்த்தால், தமிழின் 31 எழுத்துகளில் 15 எழுத்து அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். ஜ, ஸ, ஹ மூன்றும்கூட j, s, h வடிவமே. புதிதாகக் கற்க வேண்டியவை ஆ, ஈ, ஊ, எ, ஐ, ஒ, ஔ என்ற ஏழு உயிர், ங, ஞ, ட, ண, ழ, ள, ற, ன என்ற எட்டு மெய், ஆய்தம், தலைப்புள்ளி. மொத்தம் 17 குறிகள். பள்ளி விடுமுறையில் நாளுக்கு ஒன்று என்று வைத்தாலும் மூன்று வாரம் ஆகாது.

ஆங்கிலச் சுருக்கக் குறிகள் படித்த மூத்த பிள்ளைகளுக்கு இன்னும் சுலபம். ஆங்கிலத்தில் ‘இங்’ என்பதற்கான சுருக்கக் குறி தமிழில் ங. ‘ஆர்’ என்பதன் குறி ஆ. ‘எர்’ என்பதன் குறி ற. ‘எவ்வு’ போல வாய் குவியும் ‘ஔ’ ஒலிக்கு, ஆங்கிலத்தில் ‘ஔ’ என்று ஒலிக்கும் சுருக்கத்தின் குறியே வருகிறது.

குழப்பம் வரும் இடங்களும் உண்டு. மலாயில் m தனியாக நின்றால் வெறும் ‘ம்’. தமிழில் அதே அறை ‘ம’. அதற்குள்ளேயே அகரம் இருக்கிறது. ஆகவே மலாய்ப் பழக்கத்தில் பிள்ளை ‘மரம்’ என்பதற்கு ம, அ, ர, அ, ம என்று எழுதிவிடும். அதைத் திட்டாமல், ம, ர, தலைப்புள்ளி, ம என்று எழுதிக் காட்ட வேண்டும். இன்னொன்று, தமிழ் ண-வின் வடிவமும் (3, 4, 5, 6) எண்ணுக்கு முன்னால் போடும் எண்குறியும் ஒன்றே. இதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. தமிழில் எந்தச் சொல்லும் ண-வில் தொடங்காது என்பது இலக்கண விதி. சொல்லின் தொடக்கத்தில் அந்த வடிவம் வந்தால் அது எண்; நடுவிலோ கடைசியிலோ வந்தால் ண. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தைக் காட்டும் புள்ளி 6, தமிழில் ஆய்தம். ஆய்தமும் சொல்லுக்கு முதலில் வராது. பள்ளியில் மனப்பாடம் செய்த மொழிமுதல் எழுத்துப் பட்டியலுக்கு இப்படி ஒரு பயன் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

முட்டை அட்டையிலிருந்து தொடக்கம்

கருவிகளுக்கு வருவோம். கடையில் வாங்கும் எதற்கும் முன்னால் பிள்ளையின் விரல் பழக வேண்டும். பச்சைப் பயறு, கொண்டைக்கடலை, உளுந்து மூன்றையும் ஒரு தட்டில் கலந்துகொடுத்துத் தனித்தனியாகப் பிரிக்கச் சொல்வது பழைய வழி, இன்றும் நல்ல வழி. பொத்தான்களை அளவு பார்த்து அடுக்குவது, துணியைத் தடவி எது பருத்தி, எது பட்டு என்று சொல்வது எல்லாம் இந்த வகைதான். தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டிகள் பால்மரக் கொட்டையை வைத்து விளையாடியதை நினைத்துக்கொண்டால், இந்த விளையாட்டுகளைத் தாங்களே கூட்டிக்கொள்வார்கள்.

அடுத்து முட்டை அட்டை. அதில் நீளவாக்கில் மூன்று, அகலவாக்கில் இரண்டு குழி வருமாறு ஆறு குழிகளை வெட்டியெடுத்தால் அதுவே ஒரு பெரிய பிரெய்ல் அறை. பிங்பாங் பந்தோ சிறிய எலுமிச்சையோ குழியில் வைத்தால் புள்ளி. “ஒன்றிலும் மூன்றிலும் நாலிலும் வை” என்றால் பிள்ளை ம-வைக் கையால் கட்டிவிடும். புள்ளிகளுக்கு எண் உண்டு, எந்த எண் எங்கே இருக்கிறது என்பது மனத்தில் பதிய இதைவிட மலிவான பொருள் இல்லை.

இதில் ஓர் எச்சரிக்கை. முட்டை அட்டையிலேயே மாதக்கணக்கில் நின்றுவிடக் கூடாது. உண்மையான பிரெய்ல் புள்ளி அரை மில்லிமீட்டர் உயரம்தான் இருக்கும். இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர். விரல் அதைப் புள்ளி புள்ளியாக எண்ணிப் படிப்பதில்லை, முழு வடிவமாக உணர்கிறது. கண்ணால் படிப்பவர் ‘க’ என்ற எழுத்தைக் கோடு கோடாகப் பிரித்துப் பார்ப்பதில்லை அல்லவா, அதுபோல. எண்களை அறிந்த உடனேயே உண்மையான அளவுக்குப் போய்விடுவது நல்லது.

விளையாட்டுப் பொருள் வேண்டுவோர்க்கு லெகோ நிறுவனத்தின் பிரெய்ல் கட்டைகள் இருக்கின்றன. கட்டையின் மேல் உள்ள குமிழ்கள் பிரெய்ல் வடிவத்தில் அமைந்திருக்கும். பக்கத்தில் அச்செழுத்தும் உண்டு. 2020 முதல் பார்வையற்றோர் நிறுவனங்களுக்கு இலவசமாகத் தரப்பட்ட இவை, 2023-இல் கடை விற்பனைக்கும் வந்தன. தமிழ்க் கட்டை கிடையாது. ஆனால் மேலே சொன்ன 15 எழுத்துக் கணக்கு இங்கேயும் கைகொடுக்கும். பெங்களூரில் உருவான ‘ஆனி’ என்ற கருவி, ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோதும் குரலில் சொல்லிக்கொடுத்து பிரெய்ல் படிக்கவும் எழுதவும் பழக்குகிறது. பள்ளிகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. ஒரு குடும்பம் தனியாக வாங்குவது சிரமம்.

உண்மையில் எழுதுவதற்கு மிக மலிவான கருவி பிரெய்ல் சிலேட்டும் எழுத்தாணியும். சிலேட்டு என்பது கீல் வைத்த இரண்டு தகடுகள். மேல் தகட்டில் சின்னச் சின்ன சன்னல்கள், கீழ்த் தகட்டில் ஒவ்வொரு சன்னலுக்கும் ஆறு பள்ளங்கள். நடுவில் தாளை வைத்து மூடி, எழுத்தாணியால் குத்த வேண்டும். பரவலாகக் கிடைப்பது நான்கு வரி, வரிக்கு 28 அறை உள்ளது. மின்சாரம் வேண்டாம், பழுது கிடையாது, பள்ளிப் பையில் அடங்கும்.

இதில் புதியவரைத் தடுமாற வைப்பது ஒன்று உண்டு. குத்தும்போது புள்ளி தாளின் பின்பக்கம் மேடாகிறது. படிக்கத் தாளைத் திருப்ப வேண்டும். ஆகவே எழுதும்போது வலமிருந்து இடமாகப் போக வேண்டும்; புள்ளிகளும் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் மாறிக்கொள்ளும். அ-வுக்கான புள்ளி 1, எழுதும்போது வலப்பக்க மேல் மூலையில் விழும். கண்ணுள்ளவர்களுக்கு இது தலைசுற்றலாக இருக்கும். பிள்ளைகள் ஓரிரு வாரத்தில் பழகிவிடுவார்கள். ‘இடம், வலம்’ என்று சொல்லாமல் ‘முதல் வரிசை, இரண்டாம் வரிசை’ என்று சொல்லிக்கொடுத்தால் குழப்பம் இன்னும் குறையும்.

தாள் விஷயத்தில் சிக்கனம் பார்க்கும் வழி ஒன்று. சாதாரண நோட்டுத் தாளில் புள்ளி நிற்காது, ஓட்டை விழும். தடித்த தாள் வேண்டும். மளிகைக் கடையிலும் நகைக் கடையிலும் தீபாவளிக்குத் தரும் சாமி படம் போட்ட மாதக் காலண்டர் இருக்கிறதே, வழவழப்பான அந்தத் தாள் பயிற்சிக்கு மிகவும் ஏற்றது. பிள்ளையின் பரீட்சைத் தாளுக்கு மட்டும் முறையான பிரெய்ல் தாளை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த படி பெர்கின்ஸ் பிரெய்லர். அமெரிக்காவின் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் வேலை பார்த்த டேவிட் ஆபிரகாம் வடிவமைத்த இந்த இயந்திரம் விற்பனைக்கு வந்தது 1951-இல். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்றாக ஆறு விசைகள், நடுவில் இடைவெளிக்கு ஒரு விசை. ஹார்மோனியத்தில் சுருதி சேர்த்துப் பிடிப்பதுபோல வேண்டிய விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் ஓர் எழுத்து. ம வேண்டுமா, 1, 3, 4 மூன்றையும் ஒன்றாக. இடமிருந்து வலமாக எழுதுகிறது, புள்ளி மேல்நோக்கியே எழுகிறது, எழுதிய கையோடு தடவிப் பார்க்கலாம். அதனால்தான் பல ஆசிரியர்கள் முதலில் பிரெய்லரும் பிறகு சிலேட்டும் என்ற வரிசையை விரும்புகிறார்கள்.

ஆனால் அது ஏறத்தாழ ஐந்து கிலோ எடை. விலை ஆயிரக்கணக்கான ரிங்கிட். வீட்டுக்கு ஒன்று வாங்குவது எல்லாராலும் ஆகாது. இந்த இயந்திரத்துக்குத் தமிழரோடு ஒரு தொடர்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் வேலூரை அடுத்த காட்பாடியில், தொழுநோயிலிருந்து மீண்டவர்களின் மறுவாழ்வுக்காகத் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்த ‘ஒர்த் டிரஸ்ட்’ நிறுவனம் பெர்கின்ஸ் பிரெய்லரைத் தயாரிக்கிறது. அங்கே வேலை செய்பவர்களில் பலர் மாற்றுத் திறனாளிகள்.

மின்னணுக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கணினியிலோ கைப்பேசியிலோ உள்ள எழுத்தை, மேலும் கீழும் எழுந்தடங்கும் ஊசிகளால் பிரெய்லாக மாற்றிக் காட்டும் பலகைகள் உண்டு. இவை நெடுங்காலம் எட்டாத விலையில் இருந்தன. குறைந்த விலைக்கென்றே வடிவமைக்கப்பட்ட ‘ஆர்பிட் ரீடர் 20’ போன்றவை வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. 20 அறை, நினைவக அட்டையில் புத்தகங்களை ஏற்றிக்கொள்ளலாம். கணினித் திரையைப் படித்துக் காட்டும் ‘என்விடிஏ’ மென்பொருள் இலவசம். அதில் தமிழ்க் குரலும் உண்டு, தமிழ் எழுத்தை பிரெய்லாக மாற்றும் அட்டவணையும் உண்டு. ஐபோனில் 2014 முதலும் ஆண்ட்ராய்டில் 2020 முதலும் கண்ணாடித் திரையிலேயே ஆறு விரல்களை வைத்து பிரெய்ல் முறையில் தட்டச்சு செய்யும் வசதி வந்திருக்கிறது. உங்கள் கைப்பேசியின் பதிப்பில் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் வழுக்கும் கண்ணாடியில் முதல் பாடத்தைத் தொடங்காதீர்கள். தாளில் மேடான புள்ளியைத் தொட்டு வளர்ந்த விரலுக்குத்தான் திரை பிறகு உதவும்.

செடெனாக்கிலிருந்து எங்கே போவது?

பார்வையற்ற பிள்ளைகளுக்கான நாட்டின் பழைய பள்ளிகளில் ஒன்று, செடெனாக்கிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் ஜொகூர் பாருவில்தான் இருக்கிறது. 1948-இல் தொடங்கிய பிரின்சஸ் எலிசபெத் பள்ளி அது. இளவரசி ராணியாகி, அவர் ஆட்சியும் முடிந்துவிட்டது. பள்ளியின் பெயரில் அவர் இன்னும் இளவரசிதான். இன்று சிறப்புக் கல்வித் தேசியப் பள்ளியாக இயங்கும் இது, விடுதி வசதியுள்ள தொடக்கப் பள்ளி. இடைநிலைக் கல்விக்குக் கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் பார்வையற்றோருக்கான சிறப்புக் கல்விப் பள்ளி உண்டு. பினாங்கில் உள்ள செயின்ட் நிக்கலஸ் இல்லம் இன்னும் பழையது. 1926-இல் மலாக்காவில் தொடங்கிப் பிறகு பினாங்குக்கு இடம் மாறியது.

ஏழு வயதுப் பிள்ளையை விடுதியில் விட எந்தத் தாய்க்கும் மனம் வராது. அந்தத் தயக்கத்திலேயே ஓராண்டு, ஈராண்டு என்று தள்ளிப்போய், பிள்ளை வீட்டுக்குள்ளேயே வளர்ந்துவிடுவது உண்டு. விடுதி வேண்டாமென்றால், சாதாரணப் பள்ளிகளிலேயே நடக்கும் ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்புகளைப் பற்றிக் கூலாய் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரிக்கலாம். சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளிகள் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை 2019 முதல் நடப்பில் இருக்கிறது. “இங்கே இடமில்லை” என்று சொல்லப்பட்டால், எங்கே இடம் உண்டு என்று கேட்டு எழுத்துமூலமாகப் பதில் வாங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஓகேயூ அட்டை. அரசாங்க மருத்துவமனையில் கண் மருத்துவரின் உறுதிச் சான்றோடு மாவட்டச் சமூக நல இலாகாவில் பதிவு செய்ய வேண்டும். முழுப் பார்வையிழப்பு மட்டும்தான் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணின் பார்வை 6/18-க்குக் கீழே இருந்தால் குறைபார்வையாகவும், 3/60-க்குக் கீழே போனால் பார்வையின்மையாகவும் வகைப்படுத்தப்படுகிறது. 3/60 என்றால் மற்றவர் 60 மீட்டரில் பார்ப்பதை இவர் 3 மீட்டர் பக்கத்தில் வந்தால்தான் பார்க்க முடியும். பலகை தெரியாமல் பின்தங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவுகட்டும் முன் இந்தப் பரிசோதனையைச் செய்துவிடுவது நல்லது.

சிலேட்டு, தாள், பிரெய்லர் பற்றிய விவரங்களுக்குக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தை நாடலாம். இதுவும் 1951-இல் பிறந்ததுதான். பிரெய்ல் நூல்களை அச்சிடுவதும் பெரியவர்களுக்குப் பயிற்சி தருவதும் அதன் பணிகளில் அடங்கும்.

தமிழ்ப் புத்தகத்துக்கு என்ன செய்வது? செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் திருக்குறள், தொல்காப்பியம், சங்க இலக்கியம் ஆகியவற்றை பிரெய்லில் வெளியிட்டிருக்கிறது. முன்பு ஒரு நாட்டில் செய்த பிரெய்ல் பதிப்பை இன்னொரு நாட்டுக்கு அனுப்பப் பதிப்புரிமைச் சிக்கல் இருந்தது. 2013-இல் மராகேஷ் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை அதை நீக்கியது. அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. மலேசியா 2022-இல் சேர்ந்தது. ஆகவே சென்னையில் தயாரான ஒரு தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பை இங்குள்ள அங்கீகாரம் பெற்ற அமைப்பு பெற்றுப் பிள்ளைகளுக்குத் தருவதற்கு இன்று சட்டத்தில் வழி இருக்கிறது. உலக அஞ்சல் ஒன்றிய விதிகளின்படி பார்வையற்றோருக்கான நூல்களுக்கு அஞ்சல் கட்டண விலக்கும் உண்டு. வான்வழி என்றால் கூடுதல் கட்டணம் வரலாம். யாராவது கேட்டால்தான் புத்தகம் வரும். தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் கேட்கத் தொடங்கலாம்.

பிள்ளைகளை மட்டுமே வைத்துப் பேசினால் விஷயம் முழுமையாகாது. நாட்டில் இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. விழித்திரை பாதிக்கப்பட்டு ஐம்பது வயதுக்கு மேல் பார்வை போகிறவர்களுக்கும் பிரெய்ல் உண்டு. ஆனால் அதே நீரிழிவு விரல் நுனியின் உணர்வையும் மழுங்கடிக்கும். அதனால் பார்வை மங்கத் தொடங்கும்போதே, விரல் நன்றாக இருக்கையிலேயே தொடங்கிவிட வேண்டும். சற்றுப் பெரிய அளவில் புள்ளி பதிக்கும் சிலேட்டும் பிரெய்லரும் இவர்களுக்கென்றே கிடைக்கின்றன.

இவர்கள் புத்தகம் படிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. சமையலறை டப்பாக்களில் பெயர் ஒட்டினாலே போதும். ஒட்டும் பிளாஸ்டிக் நாடாவைச் சிலேட்டில் வைத்துக் குத்தி டப்பாவில் ஒட்டிவிடலாம். ஒரே ஓர் எழுத்து போதும் என்று நினைத்தால் நம் வீட்டில் அது நடக்காது. மஞ்சள், மல்லி, மிளகாய், மிளகு எல்லாமே ம-வில்தான் தொடங்குகின்றன. மஞ்சளுக்கும் மல்லிக்கும் மூன்றாவது அறையில் வித்தியாசம் தெரிந்துவிடும். மிளகாயும் மிளகும் ஐந்தாவது அறையில்தான் பிரிகின்றன. ஒன்றில் ஆ, மற்றதில் உ. அந்த இரண்டு டப்பாவுக்கு மட்டும் நாடாவைக் கொஞ்சம் நீளமாக வெட்டிக்கொள்ள வேண்டும்.